மலர் குருவம்மாள், கவிழ் குருவம்மாள்

குருவம்மாளின் சிவப்புக் கோட்டில் மூன்றாவது பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தேன். அது அறுந்து நான்கு நாளாகியிருந்தது. அவள் எதிரே நின்று சுட்டுவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“இரவல் குச்சி விரலைக் கடிக்குது. என் குச்சி எப்ப வருமாம்? துல்கர்னைன் சாருக்குப் போன் போட்டியளா?”

“போட்டேன். ஃபைல் மேல போயிருக்காம்.”

“மேலன்னா எங்கன? மலைக்கா?”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான் கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இலஞ்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து மண்டப வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பன்னீர் சோடா கேட்டிருக்கிறாள். சோடா வந்தபோது அவள் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

என் மனைவி தென்காசியில் ஒரு மகளிர் பேண்டு செட்டில் பதினான்கு வருடம் சைடு டிரம் அடித்தவள். நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மேலாளர். மேலாளர் என்றால் சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, இடையில் வெந்நீர் வரவில்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொள்வது. வீடு மேலகரத்தில்.

அவளுடைய குச்சிகள் எங்கே போயிருந்தன என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு பெரிய விழாவில் இருபது பேர் வரிசையாக நின்று டிரம் அடித்திருக்கிறார்கள். மறுநாள் புகைப்படத்தைப் பார்த்த ஒரு முக்கியஸ்தர், பாதிப் பேரின் இடது உள்ளங்கை வானத்தைப் பார்ப்பதையும் மீதிப் பேருடையது தரையைப் பார்ப்பதையும் கண்டு வருத்தப்பட்டாராம். அந்த வருத்தத்திலிருந்து தென்மண்டலத் தாளக்கோல் நெறிப்படுத்து வாரியம் பிறந்தது. நாங்கள் குச்சி என்பதை வாரியம் தாளக்கோல் என்றது. உள்ளங்கை மேலே பார்த்தால் மலர்பிடி, கீழே பார்த்தால் கவிழ்பிடி. டிரம் அடிக்கும் ஒவ்வொருவரும் இரண்டில் ஒன்றை ஆயுளுக்கும் தேர்ந்தெடுத்து, படிவம் நிரப்பி, குச்சிகளை ஒப்படைக்க வேண்டும். வாரியம் அதில் ‘ம’ அல்லது ‘க’ என்று சூட்டு முத்திரை வைத்துத் திருப்பித் தரும்.

குருவம்மாள் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்துவிட்டாள்.

“ஒண்ணுதான் அடிக்கணுமாம்ட்டி,” என்றேன்.

“ரெண்டும்தான் பிடிக்கேன். பின்ன, பொய்யா எழுதச் சொல்லுதிய?”

அவள் சொன்னது உண்மை. ஊர்வலத்தில் டிரம் தோள்வாரில் தொங்கும்; தொங்குவது ஒரு பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வுக்கு இடது கை மலர்ந்திருந்தால்தான் குச்சி தோலில் ஒழுங்காக விழும். மேடையில் டிரம்மை ஸ்டாண்டில் மட்டமாக வைப்பார்கள். அப்போது இரண்டு கையும் கவிழ்ந்திருப்பதுதான் சௌகரியம். விஷயம் இவ்வளவுதான். இதை நான் பிற்பாடு விசாரணைக் குழுவின் முன் ஆறு முறை சொன்னேன். டிரம்மின் சாய்வு வேறு பிரிவுக்கு உட்பட்டது என்று ஆறு முறையும் பதில் சொன்னார்கள்.

மற்ற பெண்களின் குச்சிகள் முத்திரையோடு வந்துவிட்டன. அவளுடையவை வரவில்லை.

ஐந்தாம் நாள் பேண்டு செட்டை நடத்தும் பாலம்மாளக்கா வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கிற குரலில் பேசினாள்.

“தம்பி, பதினாறாம் நாள் அவ டிரம்ம நடுவீட்டுல வைக்கணும். மேல அவ குச்சி ரெண்டும் கெடக்கணும். நாங்க சுத்தி நின்னு ஒரு ரவுண்டு வாசிப்போம். எங்க செட்டுல யாரு போனாலும் அப்படித்தான்.”

“குச்சி வாரியத்துல இருக்குக்கா.”

“போய் வாங்கிட்டு வாரும். இரவல் குச்சிய வச்சோம்னா அவளே எந்திரிச்சு வந்து வைவா.”

தென்காசி அலுவலகத்தில் துல்கர்னைன் என்ற உதவியாளர் இருந்தார். கடையநல்லூர்க்காரர். நல்ல மனிதர்; அதனால் அந்த அலுவலகத்தில் எந்த அதிகாரமும் இல்லாதவர். என் தாடியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். ஃபைலை எடுத்தார். நாலு தாளைப் புரட்டியதும் அவர் முகம் மாறியது.

“அண்ணாச்சி, எப்படிச் சொல்லன்னு தெரியல. அவங்க தேர்வு செய்யாம இறந்துட்டாங்க.”

“ஆமா சார்.”

“தேர்வு நிலுவையில இருக்கும்போது இறக்கதுக்கு விதியில இடம் இல்லை.”

“இனிமே என்ன சார் செய்ய?”

“குழு கூடி முடிவெடுக்கணும். மூணு பேர் வாராங்க. குற்றாலத்துல அமர்வு.”

“ஆபீஸ் தென்காசியில இருக்கு. குற்றாலத்துல எதுக்கு?”

துல்கர்னைன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மேகம் இறங்கியிருந்தது. “ஆனி மாசம்லா அண்ணாச்சி,” என்றார்.

குழு எங்கள் லாட்ஜிலேயே அறை போட்டது. முதலாளி எனக்குப் போன் செய்தார். “துக்கம் பதினாறு நாள்தான். சீசன் அறுபது நாள். கவர்மெண்டு ஆளு வேற வாராவ. வந்துரும்,” என்றார். பத்தாம் நாள் வேலையில் சேர்ந்தேன். இப்படியாக, என் மனைவியின் குச்சிகள் ஒரு பழுப்பு உறையில் அரக்கு முத்திரையோடு வந்து, என் மேசைக்கு மேலே முதல் மாடியில் ஏழாம் எண் அறையில் தங்கின. அந்த அறைச் சாவியைக் கொடுத்தவன் நான்.

பதினோராம் நாள் காலை உணவுக்கூடத்தில் அமர்வு தொடங்கியது. தலைவர் தில்லைநாயகம் எழுந்து நின்றார்.

“எனக்குத் தாளம் தெரியாது. என் வாழ்நாளில் எந்த மேளத்தையும் தொட்டதில்லை. பாரபட்சமற்ற தலைவர் வேண்டுமென்று தேடியபோது, தாளம் தெரியாதவர்களில் என்னை விஞ்சியவர் எவரும் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். இதற்கு முன் மீன்வளத்தில் இருந்தேன். மீனையும் தொட்டதில்லை. அங்கே என் மீது ஒரு புகாரும் கிடையாது.”

துல்கர்னைன் கை தட்டினார். தட்ட வேண்டியது அவர் பணி.

உறுப்பினர் நாகராஜன் கவிழ்பிடிக் கட்சி. அவர் தன் இடது கையை எல்லோருக்கும் காட்டினார். “கொடுக்கிற கை கவிழ்ந்திருக்கும். வாங்குகிற கை மலர்ந்திருக்கும். நம் கலைஞர்கள் ஊர்வலம் நெடுக மலர்ந்த கையோடு போவதைப் பார்த்தால் வெளிநாட்டுப் பயணிகள் என்ன நினைப்பார்கள்?”

உறுப்பினர் ஸ்ரீவித்யா மலர்பிடிக் கட்சி. “கோவில்ல தீர்த்தம் எந்தக் கையில வாங்குறீங்க சார்? கவிழ்த்தா?” என்றார்.

நாகராஜன் காட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினார். தலைவர், “குறித்துக்கொள்ளுங்கள். கவிழ்த்தால் தீர்த்தம் கொட்டிவிடும்,” என்றார். துல்கர்னைன் குறித்தார். அன்றைய அமர்வு அத்துடன் முடிந்தது. மூவரும் துண்டும் எண்ணெயுமாக அருவிக்குப் போனார்கள். மணிக்கட்டின் இயல்பு நிலையை நீரில் ஆராய்வது என்று அதற்குப் பெயர். அன்று மாலை ஸ்ரீவித்யா ஒரு புகைப்படத்தைத் தாக்கல் செய்தார். அருவிக்குக் கீழே நாகராஜன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வானத்துக்குக் காட்டியபடி, கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அது தன் கை அல்ல, தண்ணீரின் வேகம் என்று நாகராஜன் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஒரு ஜவுளிக்கடைப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். இறந்தவரின் பிடியை மறுநிர்மாணம் செய்வதற்காம். பொம்மைக்குக் கடைக்காரர் கட்டிவிட்ட பட்டுச் சேலை அப்படியே இருந்தது. அதன் கழுத்தில் டிரம்மை மாட்டியபோது அது முன்பக்கமாகச் சாய்ந்து தலைவரின் மடியில் விழுந்தது. தூக்கி நிறுத்தினார்கள். விரல்கள் ஒட்டியே வார்க்கப்பட்டிருந்ததால் குச்சி உள்ளே போகவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தலைவர், “பொம்மை ஒத்துழைக்க மறுத்தது,” என்று குறிப்பெழுதச் சொன்னார். மறுப்புக்கு விளக்கம் கேட்டுப் பொம்மைக்கு நோட்டீஸ் கொடுக்கலாமா என்று நாகராஜன் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை.

அன்றுதான் பாலம்மாளக்காவின் சாட்சியம். அவள் பேண்டு கோட்டோடே வந்திருந்தாள்.

“இறந்தவர் தாளக்கோலை எப்படிப் பிடிப்பார்?” என்று தலைவர் கேட்டார்.

“நல்லாப் பிடிப்பா.”

“மலர்த்தியா, கவிழ்த்தா?”

“நடந்தா மலத்தி. நின்னா கவுத்தி.”

“ஒன்றைச் சொல்லுங்கள்.”

“ஒரு நாள் பொழுதுல ரெண்டும் செய்வா சார். காலைல ஊர்வலம், சாயங்காலம் மேடை.”

“ஒருவருக்கு ஒரு பிடிதான் இருக்க முடியும் அம்மா. அது விதி.”

பாலம்மாளக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். “நீங்க எப்படிப் படுப்பிய? மல்லாக்கயா, குப்புறயா?”

“அது இந்தக் குழுவின் வரம்பில் வராது.”

“எங்க ஆளு கை மட்டும் வருதாக்கும்? அப்பம் ஒண்ணு செய்யிங்க. குருவம்மா ரெண்டு பேருன்னு எழுதிக்கிடுங்க. நடக்கவ ஒருத்தி, நிக்கவ ஒருத்தி. சோலி முடிஞ்சுது. நல்லா படிச்சுப் படிச்சு வாராவ!”

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். முதல் முறையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“குறித்துக்கொள்ளுங்கள்,” என்றார்.

அடுத்த நாள் பிற்பகல், ஏழாம் எண் அறையின் பால்கனிக் கதவை யாரோ திறந்து போட்டிருந்தார்கள். சீசனில் எந்த அறையிலும் நான் சொல்லும் முதல் வார்த்தை அதுதான்: பால்கனிக் கதவை மூடி வையுங்கள். மாடியிலிருந்து கூச்சல் கேட்டு வெளியே ஓடினேன். எதிர்க்கடையின் தகரக் கூரையில் ஒரு குரங்கு பழுப்பு உறையைக் கிழித்துக்கொண்டிருந்தது. உள்ளே தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் குச்சிகளைக் கைக்கு ஒன்றாக எடுத்துத் தகரத்தில் தட்டியது. பால்கனியில் மூவரும் நின்றார்கள். “கவிழ்! கவிழ்!” என்று நாகராஜன் கத்தினார். குரங்கு கூரைச் சரிவில் உட்கார்ந்து கையைத் திருப்பியது. ஸ்ரீவித்யா கை தட்டினார். தலைவர், இரண்டு பிடியையும் கையாண்டதால் குரங்கின் சான்று ஏற்கத்தக்கதல்ல என்று மேலிருந்தே அறிவித்தார்.

நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கூரைக்குக் கீழே நின்றேன். குரங்குக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. குச்சிகள் ஒவ்வொன்றாக உருண்டு என் காலடியில் விழுந்தன.

எடுத்தேன். கொய்யாக் கட்டையில் கடைந்த குச்சிகள். இடது கைக் குச்சியில் பெருவிரல் பட்ட இடம் பளபளவென்று குழிந்திருந்தது. திருப்பினால் இன்னொரு குழி, அதைவிடக் கொஞ்சம் மேலே. அவள் வீட்டில் என் எதிரே உட்கார்ந்து தேய்த்த குழிகள். மேலகரத்துக்கு மினி பஸ் இருபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏறியிருக்கலாம்.

துல்கர்னைன் மூச்சிரைக்க ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார். கையை நீட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் விருந்தினர் மறந்துவிட்டுப் போன கடிகாரத்தையும் மோதிரத்தையும் பல்செட்டையும் தேடித் தேடித் திருப்பிக் கொடுத்தவன் நான். குச்சிகளை அவரிடம் கொடுத்தேன்.

“உங்களை வையத்தான் செய்வாவ, வீட்டம்மா இருந்திருந்தா,” என்றார் அவர்.

“ஆமா சார்.”

பதினான்காம் நாள் வீடியோ பார்த்தார்கள். ஒன்று கல்யாண ஊர்வலம். சாரலில் நனைந்து அவள் கோட்டு கருஞ்சிவப்பாக இருந்தது. தலையைக் குனிந்து, சாலையில் பள்ளம் பார்த்து நடந்தாள். இடது கை மலர்ந்திருந்தது. இன்னொன்று விழா மேடை. விளக்கில் கோட்டு பளீரென்று இருந்தது. கூட்டத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தாள். இரண்டு கையும் கவிழ்ந்திருந்தன. அவள் பார்த்துச் சிரித்தது என்னை. முன்வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்தேன்.

“கோட்டின் நிறம் வேறு. நடத்தை வேறு. பிடி வேறு. தாளக்கோலில் இரண்டு தேய்மானம். சாட்சியமும் அவ்வாறே. ஆகவே இருவர்,” என்றார் தலைவர்.

“சார், ரெண்டுலயும் மூஞ்சி ஒண்ணுதான,” என்றேன்.

“முகம் எங்கள் வரம்பில் இல்லை. எங்களுக்கு மணிக்கட்டு வரைதான்.”

நாகராஜனும் ஸ்ரீவித்யாவும் அன்றுதான் முதல் முறையாக ஒருவருக்கொருவர் கை குலுக்கினார்கள். இருவருக்கும் ஆளுக்கொரு குருவம்மாள் கிடைத்திருந்தாள்.

பதினைந்தாம் நாள் காலை என்னை அழைத்தார்கள். அவர்கள் பெட்டிகள் கூடத்தில் வரிசையாக இருந்தன. மேசையில் கிழிந்த உறையும் அதன்மேல் குச்சிகளும். பக்கத்தில் இரண்டு தாள்கள்.

“இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே ஒருவர்தான் இறந்திருக்கிறார். எவர் என்பதைக் கணவராகிய நீங்கள் உறுதிப்படுத்த வேண்டும்,” என்றார் தலைவர்.

“நான் யாருக்குக் கணவன் சார்?”

“இருவருக்கும். அதை ஆட்சேபிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.”

துல்கர்னைன் என் காதருகே குனிந்தார். “அண்ணாச்சி, முதல் தாள்ல யாரு இறந்தாங்கன்னு எழுதணும். ரெண்டாவது தாள்ல மத்தவங்க உசிரோட இருக்காங்கன்னு கையெழுத்துப் போடணும். ரெண்டும் போட்டாத்தான் குச்சி. இல்லைன்னா ஃபைல் அடுத்த அமர்வுக்குப் போகும். அது அடுத்த சீசன்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டில் ஆட்கள் வந்துவிடுவார்கள். பாலம்மாளக்கா டிரம்மைத் துடைத்து வைத்துவிட்டாள் என்று போன் வந்திருந்தது.

முதல் தாளை எடுத்தேன். இலஞ்சியில் அன்று டிரம் அவள் தோளில்தான் தொங்கியது. மேடையும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. நனைந்த கோட்டோடு நடந்து போனவள்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொய் எழுதத் தேவையிருக்கவில்லை. ‘மலர்பிடிக் குருவம்மாள் இறந்தார்’ என்று எழுதினேன். ஒரு வரி எழுத நெடுநேரம் ஆனது. நாகராஜன் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது தாளில் எல்லாம் அச்சடித்திருந்தது. ‘கவிழ்பிடிக் குருவம்மாள் உயிருடன் இருக்கிறார் என இதன்மூலம் வாரியம் சான்றளிக்கிறது.’ கீழே வட்ட முத்திரை, தலைவர் கையொப்பம். என் கையெழுத்துக்குக் கோடு.

“அவர் ஏன் விசாரணைக்கு வரவில்லை?” என்று ஸ்ரீவித்யா கேட்டார்.

“வர முடியலம்மா.”

“தற்போது எங்கே இருக்கிறார்? முகவரி வேண்டும்.”

மேலகரம் முகவரியை எழுதினேன். இந்தத் தாளில் கையெழுத்துப் போட எனக்கு ஒரு நொடிதான் ஆனது. அவர் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு பிரதியில் போட்டிருப்பேன்.

வலது கைக் குச்சியை இறந்தவரின் வாரிசுக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். இடது கைக் குச்சியை உயிருடன் இருப்பவரிடம் சேர்ப்பிக்கும்படி சொல்லிக் கொடுத்தார்கள். தலைவர் என் தோளில் தட்டினார். “அரசாங்கம் எடுத்துக்கொள்ள மட்டும்தான் செய்யும் என்று மக்கள் குறை சொல்கிறார்கள். நீங்கள் ஒருவரை இழந்து வந்தீர்கள். நாங்கள் ஒருவரைத் தந்து அனுப்புகிறோம். இதை வெளியே நாலு பேரிடம் சொல்லுங்கள்,” என்றார். பிறகு ஏழாம் எண் அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

பதினாறாம் நாள் குச்சிகள் டிரம்மின் மேல் கிடந்தன. பெண்கள் சுற்றி நின்று வாசித்தார்கள். சைடு டிரம் விழ வேண்டிய இடங்களில் ஒருவரும் அடிக்காமல் விட்டார்கள். பாலம்மாளக்கா அந்த இரண்டாவது தாளை வாங்கிப் படித்துவிட்டு, கிழிக்கப் போவதுபோல இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

“எனக்கு வாய் நீளம்,” என்றாள்.

“பரவால்லக்கா.”

இது நடந்து மூன்று வருடமாகிறது. தலைவர் கைத்தறிக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று துல்கர்னைன் சொன்னார். ஒவ்வொரு ஆனியிலும் கவிழ்பிடிக் குருவம்மாளுக்குப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி வாரியத்திலிருந்து கடிதம் வருகிறது. நான் பதில் எழுதுவதில்லை. ‘பதில் வராததால் சம்மதமாகக் கருதி நீட்டிக்கப்பட்டது’ என்று ஆடியில் இன்னொரு கடிதம் வருகிறது. தபால்காரர், “வீட்டம்மாவுக்கு லெட்டர்,” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் இந்தப் பக்கத்துக்குப் புதிது.

இந்த வருடத்துக் கடிதம் நேற்று வந்தது. எங்களுக்குள் வயது வித்தியாசம் ஐந்தாக இருந்தது, இப்போது எட்டு. பெயரும் முகவரியும் சரியாக இருக்கின்றன. வயது என்ற இடத்தில் இந்த முறையும் நாற்பத்தொன்று என்றுதான் போட்டிருக்கிறார்கள்.